மணி சொன்னது பொய்யா?

சென்ற ஆடி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. மலையாளத்தார் அதனைக் கர்க்கடக மாதம் என்பர். வைட்டிலாவில் மழை விடாது பெய்துகொண்டிருந்தது. மேம்பாலத்தின் கீழே தேங்கி நின்ற வண்டிகளின் ஒலி எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். என் பத்து வயதுப் பேத்தி, தன் தந்தை சிறுவனாக இருந்தபோது படித்த பழைய புத்தகம் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து இரண்டு நாள்களாகப் படித்துவந்தாள். அன்று அதை முடித்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் மீண்டும் ஒருமுறை படித்தாள். பிறகு நிமிர்ந்து, “தாத்தா, மணி சொன்னது பொய்யா?” என்று கேட்டாள்.

அந்த நூல் ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுவாமியும் நண்பர்களும்’. நான் விடை சொல்ல வாயெடுத்தேன். அருகில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் மகன் தாளைத் தாழ்த்தி என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்குச் சொல் எழவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன், அம்மா” என்று குழந்தையை அனுப்பிவிட்டேன். அந்த நாளை இன்னும் வரவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையைத்தான் இம்மலரில் எழுத முயல்கிறேன்.

நம்மைப் போன்ற ஒரு குடும்பம்

நூலாசிரியரின் குடும்பமும் நம்முடைய குடும்பங்களைப் போன்றதே. அவர் 1906இல் சென்னையில் பிறந்தார். அவர் பெயரின் முதலெழுத்தில் நிற்பது சேலம் வட்டாரத்து இராசிபுரம். தந்தையார் மைசூர் இராச்சியத்துப் பள்ளிகளில் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். தந்தையின் பணி அவ்வாறு இருந்தமையால், நாராயண் இளமையின் பெரும்பகுதியைப் பெற்றோரைப் பிரிந்து, சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டியின் வீட்டில் கழித்தார். பின்னர் மைசூருக்குச் சென்று அங்கேயே நெடுங்காலம் வாழ்ந்தார். வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், ஏட்டில் ஆங்கிலம். இன்று கொச்சியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். கன்னடம் இருந்த இடத்தில் மலையாளம் நிற்கிறது என்பதைத் தவிர வேறுபாடு ஒன்றும் இல்லை.

அவருடைய முதல் நாவலான ‘சுவாமியும் நண்பர்களும்’ 1935இல் இலண்டனில் வெளியாயிற்று. அது சிறுவர்க்கென்றே எழுதப்பட்ட நூல் அன்று. ஒரு சிறுவனைப் பற்றி எழுதப்பட்ட நூல். ஆயினும் சிறுவர் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். 1980களின் பிற்பகுதியில் சங்கர் நாக் இயக்கத்தில் ‘மால்குடி டேஸ்’ என்னும் தொடர் தூரதர்ஷனில் வந்தபோது, நூலைப் படிக்காத பிள்ளைகளும் சுவாமியை அறிந்துகொண்டனர்.

ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஒரு நூல் பிள்ளைகளின் கையில் இருந்துவருகிறது என்றால் அதற்குக் காரணம் வேண்டும். நகைச்சுவை என்பார்கள் சிலர். பள்ளிக்கூடத்துக் குறும்பு என்பார்கள் சிலர். கிரிக்கெட் என்பார்கள் வேறு சிலர். இவை யாவும் உண்மையே. ஆனால், நகைச்சுவை மிகுந்த நூல்கள் எத்தனையோ வந்து மறைந்துவிட்டன. சுவாமி படித்தது போன்ற பள்ளிக்கூடம் இன்று இல்லை. அவன் தலைமுறை கண்ட வெள்ளையர் ஆட்சியும் இல்லை. ஆயினும் வைட்டிலாவில் மழைநாளில் ஒரு சிறுமி கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படிக்கிறாள். அப்பக்கத்தில் என்ன இருக்கிறது?

கதையும் கடைசிப் பக்கமும்

நூலை அறியாதவர்க்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். காலம் 1930. இடம் மால்குடி என்னும் கற்பனை ஊர். சுவாமிநாதன் ஆல்பர்ட் மிஷன் பள்ளி மாணவன். படிப்பில் சாதாரணம், பயத்தில் முதலிடம். மணி அவனுடைய முரட்டு நண்பன். இவர்களிடையே புதிதாக வந்து சேர்கிறான் ராஜம். போலீஸ் சூப்பிரண்டெண்டின் மகன். நல்ல உடை, நல்ல ஆங்கிலம், அச்சமற்ற பேச்சு. முதலில் மணிக்கும் அவனுக்கும் பகை. பின்னர் ஆற்றங்கரையில் மூவரும் நண்பராகின்றனர். சுவாமிக்கு ராஜம் என்றால் உயிர். ‘ராஜத்தின் வால்’ என்று பழைய தோழர்கள் ஏளனம் செய்தும் அவன் விலகவில்லை.

விடுதலைப் போராட்டத்தின் அலையில் சிக்கி ஒருநாள் சுவாமி பள்ளிக் கண்ணாடிகளை உடைக்கிறான். அதனால் ஆல்பர்ட் மிஷனை விட்டுப் போர்டு ஹைஸ்கூலில் சேர வேண்டியதாகிறது. ராஜம் தொடங்கும் கிரிக்கெட் சங்கத்தில் பந்து வீசுபவன் சுவாமியே. பெரும் போட்டி ஒன்று நெருங்குகிறது. ஆனால் புதிய பள்ளியின் டிரில் வகுப்பு மாலைப் பயிற்சிக்குக் குறுக்கே நிற்கிறது. அதனால் விளைந்த சிக்கலில் தலைமையாசிரியரின் பிரம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுவாமி பள்ளியிலிருந்து ஓடுகிறான், ஊரைவிட்டும் ஓடுகிறான். காட்டு வழியில் இரவில் தனியே தவித்து மயங்கி விழுந்தவனைக் காப்பாற்றி வீட்டுக்குச் சேர்ப்பிக்கிறவர் ஒரு வன அதிகாரி. அவர் பெயர் நாயர் என்பது கேரளத்தில் வாழும் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. ஆனால் அதற்குள் போட்டி முடிந்து, சங்கம் தோற்றுவிடுகிறது. ராஜம் சுவாமியுடன் பேசுவதை நிறுத்திவிடுகிறான்.

அந்தப் பிணக்குத் தீரும் முன்பே ராஜத்தின் தந்தைக்கு மாற்றல் வருகிறது. அதிகாலை இரயிலில் அவன் போகப்போகிறான் என்று மணி வந்து சொல்கிறான். சுவாமி தன்னிடம் உள்ளவற்றில் சிறந்ததைத் தேடி, ஆண்டர்சனின் தேவதைக் கதைகள் என்னும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு ஓடுகிறான். அங்கே போலீசாரும் பெரிய மனிதரும் கூட்டமாக நிற்கின்றனர். அருகில் செல்லக் கூச்சம். இரயில் புறப்படும் தறுவாயில்தான் சன்னலருகே போய்ப் பேசுகிறான். ராஜம் ஏதோ சொல்ல வாய் திறந்தது போலத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் கார்டின் விசிலும் இஞ்சினின் ஊதலும் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகின்றன. நகரும் வண்டியோடு ஓடிப் புத்தகத்தைச் சேர்ப்பிப்பவன் மணி. ராஜம் அதை வாங்கிக்கொண்டு கையசைக்கிறான். அவ்வளவுதான்.

வெறுமையான தண்டவாளத்தின் அருகே நின்று சுவாமி கேட்கிறான்: அவன் என்னை நினைப்பானா? நினைப்பான், கடிதமும் எழுதுவான் என்கிறான் மணி; ராஜமே அவ்வாறு சொன்னானாம். அவனுக்கு என் முகவரி தெரியாதே என்கிறான் சுவாமி. நான் கொடுத்துவிட்டேன் என்கிறான் மணி. எங்கே, அந்த முகவரியைச் சொல் பார்க்கலாம் என்கிறான் சுவாமி. மணி தடுமாறுகிறான், அதெல்லாம் உனக்கெதற்கு, கொடுத்தாயிற்று என்கிறான். சுவாமி நிமிர்ந்து மணியின் முகத்தைப் பார்க்கிறான். எப்போதும் எளிதில் படித்துவிடக்கூடிய அந்த முகம் அன்று மட்டும் ஒன்றும் காட்டவில்லை. அத்துடன் கதை முடிந்துவிடுகிறது.

மணி பொய் சொன்னானா, உண்மை சொன்னானா என்று ஆசிரியர் கூறவில்லை. சொல்லாமல் விட்டதை ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளையும் தானே நிரப்ப வேண்டியிருக்கிறது. அதுதான் இந்நூல் மூப்படையாமல் இருப்பதற்குக் காரணம் என்று எண்ணுகிறேன். பிரிவு இன்றும் இருக்கிறது. இன்று முகவரி வேண்டா, தொலைபேசி எண் போதும். ஆயினும் செய்தி படிக்கப்பட்டதற்கான இரண்டு நீலக் குறிகள் விழுந்தபின் பதில் வராதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கும், தண்டவாளத்தருகே நின்ற சுவாமிக்கும் மனத்தளவில் என்ன வேறுபாடு?

வள்ளுவர் இட்ட வேலி

பேத்தியின் கேள்விக்குச் சுருக்கமான விடை ஒன்று நம்மிடம் உண்டு. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் 292ஆம் குறளில் சொல்லிவிட்டார் அன்றோ? மணியின் சொல் சுவாமியின் துயரத்தை ஆற்றியது. ஆகவே அது வாய்மையே என்று முடித்துவிடலாம். நம் வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லும் பொய்களுக்கெல்லாம் அக்குறளைத் துணைக்கு அழைப்பது வழக்கமாகிவிட்டது.

ஆனால் வள்ளுவர் அவ்வளவு எளிதில் யாரையும் விட்டுவிடுகிறவர் அல்லர். அந்தக் குறளுக்கு முன்னே நிற்கும் 291ஆம் குறளில், பிறர்க்கு எவ்வகைத் தீங்கும் தராத சொல்லே வாய்மை என்று இலக்கணம் வகுக்கிறார். பின்னே நிற்கும் 293ஆம் குறளில், தான் அறிந்த ஒன்றைப் பற்றிப் பொய் கூறியவனை அவன் மனமே பின்னர் வாட்டும் என்று எச்சரிக்கிறார். பொய்க்கு இடம் கொடுத்த குறள் இவ்விரண்டுக்கும் நடுவில் வேலியிட்டதுபோல் நிற்கிறது. நாம் வேலியை விட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் பறித்துக்கொண்டு போகிறோம்.

எதிர்க்கட்சியின் வாதமும் வலிமையானது. குழந்தையிடம் ஒருபோதும் பொய் கூறலாகாது என்போர் உண்டு. சிறுவனாக இருந்தபோது அரிச்சந்திரன் நாடகத்தைக் கண்ட காந்தியடிகள், எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல் இருக்கலாகாது என்று தமக்குள் கேட்டுக்கொண்டதாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். ஒரு குழந்தை உண்மையை எவ்வளவு பெரிதாகக் கொள்ளும் என்பதற்கு அது சான்று. மேலும், ‘நன்மை தரும் பொய்’ என்பதில் நன்மை எது என்று தீர்ப்பவர் யார்? பொய் சொல்லுகிறவரே. தமக்கு எளிதாக இருப்பதைக் குழந்தைக்கு நன்மை என்று பெரியவர் எண்ணிக்கொள்வது எத்தனை இயல்பு! இவ்வாதத்தை நான் புறக்கணிக்க மாட்டேன். நாராயணும் புறக்கணிக்கவில்லை. அதே நூலில் அவர் இன்னொரு பொய்யையும் வைத்திருக்கிறார்.

இரண்டு பொய்கள்

டிரில் வகுப்பிலிருந்து விடுபட வேண்டும் என்பதற்காகச் சுவாமி டாக்டர் கேசவனிடம் செல்கிறான். தனக்கு நோய் உண்டென்று சான்றிதழ் கேட்கிறான். பையனுக்கு ஒரு நோயும் இல்லை என்று கண்ட டாக்டர் சிரித்துவிட்டு, தாமே தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுவதாகக் கூறி அனுப்பிவிடுகிறார். சுவாமி அதை முழுக்க நம்புகிறான். நாள்தோறும் டிரில் வகுப்பை விட்டுவிட்டுக் கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். டாக்டரோ யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் ஒருநாள் பிரம்புடன் வந்து நிற்கும்போதுதான் பையனுக்கு அது தெரிகிறது. பள்ளி போயிற்று, ஊரைவிட்டு ஓட நேர்ந்தது, போட்டி போயிற்று, ராஜத்தின் நட்பும் போயிற்று.

டாக்டர் கொடியவர் அல்லர். குழந்தை மனம் நோகாமல் அனுப்ப எண்ணினார், அவ்வளவே. அவரைக் கேட்டால் நன்மைக்காகவே சொன்னேன் என்பார். மணியும் அதையே சொல்வான். பிறகு இரண்டு பொய்க்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது?

மூன்று இடங்களில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, பொய்யால் யாருக்கு ஆறுதல் என்பது. டாக்டரின் பொய், தொந்தரவு செய்த பையனிடமிருந்து டாக்டரை விடுவித்தது. மணிக்கோ அவன் பொய்யால் ஒரு நலனும் இல்லை. ராஜம் அவனுக்கும் நண்பன். அவனுக்கும் அன்று இழப்புதான். இரண்டாவது, பொய்யை நம்பியவன் என்ன ஆவான் என்பது. டாக்டரின் சொல்லை நம்பியவன் பிரம்படியை நோக்கி நடந்தான். மணியின் சொல்லை நம்பியவன் வீட்டை நோக்கி நடப்பான். மூன்றாவது, சொன்னவன் அதன்பின் எங்கே நிற்கிறான் என்பது. டாக்டர் பையனை வாசலுக்கு அனுப்பியதுமே மறந்துவிட்டார். மணி சுவாமியின் பக்கத்திலேயே நிற்கிறான், நாளையும் நிற்பான், கடிதம் வராத நாள்களிலும் அவனோடு நின்று பதில் சொல்ல வேண்டியவன் அவனே.

தமிழில் மெய்க்கு மூன்று பெயர்கள் உண்டு. உள்ளத்தால் பொருந்துவது உண்மை. வாயால் பொருந்துவது வாய்மை. மெய்யாகிய உடலால், அதாவது செயலால் பொருந்துவது மெய்ம்மை என்று பெரியோர் விளக்குவர். மணியின் வாய் அன்று மெய் பேசியதா என்பது ஐயமே. ஆனால், ஓடும் வண்டியோடு ஓடிப் புத்தகத்தைக் கொண்டுசேர்த்த உடலில் பொய் இல்லை. நண்பன் வருந்தலாகாது என்று துடித்த உள்ளத்திலும் பொய் இல்லை. டாக்டரிடமோ வாய் பொய்த்தது, செயலும் பொய்த்தது. மூன்றில் இரண்டு நின்றால் மூன்றாவதை அவை தாங்கும். இரண்டு விழுந்தால் மூன்றாவதாகிய நல்லெண்ணம் மட்டும் தனியே நின்று யாரையும் காப்பாற்றாது.

சொல்லை மீறிய ஒரு நண்பர்

இந்நூல் நம் கைக்கு வந்த வரலாறும் இதே கேள்வியை எழுப்புகிறது. நாராயண் கையெழுத்துப் பிரதியை இலண்டன் பதிப்பாளர்களுக்கு அனுப்ப, ஒவ்வொருவராக மறுத்துவிட்டனர். அப்போது ஆக்ஸ்போர்டில் இருந்த தம் நண்பர் பூர்ணாவுக்கு அவர் மனம் வெறுத்து எழுதினார்: பிரதியோடு ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடு என்று. பூர்ணா அவ்வாறு செய்யவில்லை. அதனை எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் படித்து மகிழ்ந்து பரிந்துரைக்க, ஹாமிஷ் ஹாமில்டன் நிறுவனம் நூலை வெளியிட்டது. அதன்பின் கிரீனுக்கும் நாராயணுக்கும் இடையே நெடுங்கால நட்பு மலர்ந்தது. பல ஆண்டுகள் அது கடிதங்களாலேயே வளர்ந்து, பின்னரே இருவரும் நேரில் சந்தித்துக்கொண்டனர்.

பூர்ணா நண்பரின் சொல்லை எழுத்துப்படி நிறைவேற்றியிருந்தால் சுவாமியும் இல்லை, மால்குடியும் இல்லை. அவர் சொல்லை மீறினார். ஆனால் மீறியதோடு நின்றுவிடவில்லை. பிரதியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். படிப்பவர் ஒருவரைத் தேடினார். மணி ஓடியது போலவே அவரும் ஓடினார் எனலாம். அன்பினால் பிறந்த மீறலுக்குக் கால்கள் இருந்தன. கடிதம் வருமா என்ற ஏக்கத்தோடு முடிகிற ஒரு கதை, அதை எழுதியவருக்குக் கடிதங்களின் வழியே வாழ்நாள் நட்பு ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தது.

என் கடன்

இனி என் மகன் என்னை ஏன் அவ்வாறு பார்த்தான் என்பதைச் சொல்ல வேண்டும்.

1988இல் நாகர்கோவிலிலிருந்து எனக்குக் கொச்சிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அவனுக்கு அப்போது வயது ஒன்பது. அடுத்த தெருப் பையன் ஒருவன் அவனுக்கு இணைபிரியாத தோழன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு பம்பரம் ஒன்றின் பொருட்டு இருவருக்கும் சண்டை. புறப்பட்ட அன்று காலை லாரியில் சாமான் ஏற்றி முடியும் வரை மகன் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பையன் வரவில்லை. பேருந்தில் ஏறியதும் மகன் அழத் தொடங்கினான். களியக்காவிளை தாண்டியும் அழுகை நிற்கவில்லை. நான் சொன்னேன்: “அழாதே. அவன் அப்பாவை நேற்று இரவு பார்த்தேன். அவன் உனக்குக் கடிதம் எழுதுவானாம். நம் முகவரியை வாங்கிக்கொண்டார்.” நான் யாரையும் பார்க்கவில்லை, யாரும் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அழுகை நின்றது. நல்ல தந்தை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் சில வாரங்கள் மட்டாஞ்சேரியில் உறவினர் வீட்டில் தங்கினோம். பிறகு வைட்டிலாவில் வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. ஜூன் மழையில் மகன் நாள்தோறும் வாசலில் நின்று தபால்காரரை எதிர்பார்த்தான். ஓணம் வந்தபோது எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டான். மறந்துவிட்டான் என்று நான் நினைத்தேன்.

பேத்தி கேள்வி கேட்ட அன்றிரவு, அவள் உறங்கிய பிறகு மகன் சொன்னான்: “அப்பா, நீங்கள் சொன்னது பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நாம் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது கொச்சியில் நமக்கு வீடே பார்க்கவில்லை. இல்லாத முகவரியை அவர் எப்படி வாங்கிக்கொண்டிருப்பார்?” நான் தலை குனிந்தேன். “பிறகு ஏன் தபால்காரருக்காகக் காத்திருந்தாய்?” என்று கேட்டேன். “நீங்கள் சொன்னது எப்படியாவது மெய்யாகிவிடாதா என்றுதான்” என்றான். சற்று நேரம் கழித்து, “பொய் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. வீடு கிடைத்தபின் ஒரு அஞ்சலட்டை வாங்கிக் கொடுத்து, ‘நீயே முதலில் எழுது’ என்று சொல்லியிருக்கலாம்” என்றான்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நான் என்னை மணியாக எண்ணிக்கொண்டிருந்தேன். நான் மணி அல்லன், டாக்டர் கேசவன். பேருந்தில் அழுகை ஓயவேண்டும் என்பதே என் விருப்பமாக இருந்தது. மழையில் வாசலில் நின்ற பையனின் பக்கத்தில் நான் நிற்கவில்லை. ஒரு அஞ்சலட்டை என் பொய்யை வாய்மையாக்கியிருக்கும். அந்தச் சிறு செயலை நான் செய்யவில்லை. வள்ளுவரின் அடுத்த குறள் எச்சரித்தது எதை என்பதை அன்றிரவு அறிந்தேன்.

குழந்தைகள் அறிவார்கள்

குழந்தைகளை நாம் ஏமாற்றுகிறோம் என்று எண்ணுவதே பெரும்பாலும் நம் ஏமாற்றம். சுவாமி முகவரியைச் சொல் என்று மடக்கிக் கேட்கிறான். அவனுக்கு ஐயம் வந்துவிட்டது. ஆனாலும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மணியின் முகத்தைப் பார்ப்பதோடு கதை நிற்கிறது. அந்தப் பார்வையை ஏமாந்தவனின் பார்வை என்று நான் கருதவில்லை. ராஜத்தின் கடிதம் வராமல் போகலாம். ஆனால் தனக்காக ஒரு முரடன் பொய் சொல்லவும் துணிந்து பக்கத்தில் நிற்கிறான் என்பதைச் சுவாமி அங்கே காண்கிறான், அல்லது காணத் தொடங்குகிறான். போய்விட்ட நண்பனையே நினைத்து நின்றவனுக்கு, போகாத நண்பன் தென்படுகிறான். பத்து வயதில் படிப்பவர்க்கு இது பாதி விளங்கும். மீதி விளங்க என்னைப் போல் எழுபதைத் தாண்ட வேண்டியிருக்கலாம். அதனால்தான் இப்புத்தகம் ஒரு குடும்பத்தின் அலமாரியில் மூன்று தலைமுறை தங்கிவிடுகிறது.

இக்கேள்வி நமக்கு ஏட்டுக் கேள்வி அன்று. போர்ட்டுக் கொச்சியின் வெளியில், 1976இல் கட்டப்பட்ட சலவைக்கூடத்தில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கேயே வேரூன்றியவை. வாத்துருத்தியில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளர் குடும்பங்கள் வேலை இருக்கும் வரை இருந்து, இல்லையேல் மூட்டை கட்டுபவை. வங்கி, துறைமுகம், கப்பல் தளம் என்று வந்தவர்கள் உத்தரவு வந்தால் புறப்படுபவர்கள். எல்லார் வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லும் சொற்கள் சில உண்டு. “அடுத்த வருஷம் ஊருக்கே போய்விடலாம்”, “லீவுக்கு வந்து உன் சிநேகிதனைப் பார்க்கலாம்”, “பாட்டி சீக்கிரம் இங்கே வந்துவிடுவாள்”. 2011இல் திறக்கப்பட்ட வைட்டிலாப் பேருந்து நிலையத்தில் மாலையில் சற்று நேரம் நின்றால் இச்சொற்களைத் தமிழிலும் மலையாளத்திலும் கேட்கலாம். கோவைக்கும் மதுரைக்கும் வண்டி புறப்படும் நேரத்தில், சன்னலுக்கு உள்ளே ஒரு பிள்ளையும் வெளியே ஒரு பிள்ளையும் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நடுவே ஒரு தாயோ தந்தையோ ஏதோ ஒரு வாக்குறுதி அளித்துக்கொண்டிருப்பார்.

அவர்களைக் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. பிரிவின் வாசலில் நிற்கும் குழந்தையிடம், ‘இனி அவனைப் பார்க்கமாட்டாய்’ என்று சொல்லும் உண்மை எத்தகைய உண்மை? அதைச் சொல்ல என் நாவும் எழாது. ஆனால் அந்த வாக்குறுதியைச் சொன்ன நாளிலிருந்து அது நம் பெயரில் எழுதப்பட்ட கடன் ஆகிறது. லீவுக்கு வருவோம் என்று சொன்னவர் ஒருமுறையாவது வர வேண்டும். எழுதுவான் என்று சொன்னவர் எழுத வைக்க வேண்டும். முடியாவிட்டால், முடியவில்லை என்பதைத் தாமே சொல்லிக் குழந்தையின் பக்கத்தில் அமர வேண்டும். கடனைத் தீர்க்க முயல்கிறவனுடைய பொய்யை வாய்மை தன் வீட்டுக்குள் ஏற்றுக்கொள்ளும். கடனையே மறந்துவிட்டவனுக்கு வள்ளுவரின் துணை கிடையாது.

ஆகவே, பேத்தியே, உன் கேள்விக்கு விடை இதுதான். மணியின் வாய் சொன்னது பொய்யாக இருக்கலாம். மணி பொய்யன் அல்லன். இந்த இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதை உனக்குக் காட்டத்தான் நூலாசிரியர் அவன் முகத்தை மூடிவைத்தார். உன் தாத்தா சொன்ன பொய்யோ இன்னும் தீராத கடனாகவே இருக்கிறது.

சென்ற வாரம் நாகர்கோவிலில் உள்ள பழைய நண்பர் ஒருவருக்கு எழுதி, அந்தத் தெருப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டிருக்கிறேன். அவனுக்கும் இன்று நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். கடிதத்தின் அடியில், வைட்டிலா வீட்டின் முகவரியைத் தெளிவாக எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் இப்போது நான்தான் வாசலில் நிற்கிறேன்.